சணல் நின்ற ஒரு கிழமை

எங்கள் தோட்டத்துச் சணலுக்குள் ஒரு பூச்சி பறந்து திரிந்தது. வெள்ளைச் செட்டையில் சிவப்பும் கறுப்புமாகப் பொட்டுகள். பட்டப்பகலில் பறக்கிறது, பார்க்கவும் அத்தனை வடிவு, பிறகென்ன சந்தேகம்? வண்ணாத்திப்பூச்சி என்று கத்தினேன்.

உயர்தரச் சோதனை எழுதிவிட்டு வீட்டிலிருந்த அக்கா விடவில்லை. பூச்சி பூண்டு என்றால் உயிரை விடுகிறவள்.

"எடி, உது அந்துப்பூச்சி. மீசையைப் பார். வண்ணாத்திக்கெண்டால் நுனி தடிச்சிருக்கும், உது வெறும் நூல். இருக்கேக்கை செட்டையை உடம்போடை சுத்தி வைச்சிருக்கு, பார்."

அரிசிப் பானைக்குள் கிடக்கும் மண்நிற அந்து எங்கே, இது எங்கே? நான் ஒத்துக்கொள்ளவில்லை. முந்திக் காய்த்த நெற்றொன்றைப் பிரித்து, உள்ளே இருந்த அதன் புழுவைக் கோழிக்குப் போட்டாள் அக்கா. கோழி கொத்தியது, துப்பியது, சொண்டை மண்ணில் துடைத்துவிட்டு எங்களை முறைத்தது. சணலின் கசப்பு முழுக்கப் புழுவின் உடம்பில் என்று சொல்லிச் சிரித்தாள் அக்கா.

சணல் பூத்ததும் கொத்தி, வெங்காயத்துக்காக மண்ணுக்குள் தாழ்க்க வேண்டிய தழைப் பசளை. முற்றினால் தண்டு நாராகி உக்காது, வெங்காய நடுகை பிந்தும். ஐயா மண்வெட்டியோடு வந்தபோது அக்கா குறுக்கே போய் நின்றாள்.

"ஐயா, ஒரு கிழமை விடுங்கோ. கூடு கட்டினதுகள் வெளிக்கிடட்டும்."

வெங்காயம் என்றால் பெற்ற பிள்ளையையும் மறக்கிற மனுசன். இடி விழப்போகிறது என்று காத்திருந்தேன். அவர் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி மோனை, நிக்கட்டும்."

அயல் தோட்டக்காரர்கள் நக்கலடித்தார்கள். குசினிக்குள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் பிந்துகிற கவலை என்று நினைத்தேன். அக்காவுக்குக் கனடாவில் மாப்பிள்ளை சரிவந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் ஓட்டைவாய். அந்தக் கிழமை முழுக்கப் பூச்சியைத்தான் பார்த்தேன், அக்காவை வடிவாகப் பார்க்கவில்லை. இன்றும் அது மனதை அரிக்கிறது.

ஒரு விடியற்காலை மாமாவின் சைக்கிளில் அக்கா, கடலேரி கடக்க வள்ளம் ஏறுகிற கிளாலிக்குப் புறப்பட்டாள். கொழும்பில் ஏதோ அலுவலாம். அன்று பகலே கூடொன்று வெடித்தது. செட்டை காய்ந்து அது பறக்குமட்டும் தனியே குந்தியிருந்து பார்த்தேன்.

மறுநாள் ஐயா சணலைக் கொத்தத் தொடங்கினார். முற்றிய தண்டு மண்வெட்டிக்கு மசியவில்லை.

"ஐயா, இன்னும் கூடு கிடக்கு. அக்கா வந்து பாக்கட்டும்."

"அவ இனிப் பாக்கமாட்டா, பிள்ளை" என்றார், நிமிராமலே.

ஒரு கிழமைக்குள் அக்காவுக்குப் பூச்சி அலுத்துப்போய்விட்டது என்று எண்ணி, அவள் திரும்பி வந்தால் கதைப்பதில்லை என்று முடிவு செய்தேன்.