பல்லி டாக்டரும் எரியாத பல்பும்

ஒரு உயிர் போய்விட்டது என்று நீங்கள் எதை வைத்து முடிவு செய்வீர்கள்? மூச்சு தெரியவில்லை, உடம்பு சில்லிட்டிருக்கிறது, தட்டினால் அசையவில்லை. இவ்வளவு போதுமா? போதும் என்று தலையாட்டுகிறவராக இருந்தால், உங்களை நம்பி ஒரு ஆமையை ஒப்படைக்க மாட்டேன். ஒரு மனுஷியின் பிழைப்பை நிச்சயமாக ஒப்படைக்க மாட்டேன்.

நான் சொல்லப் போகும் பெண்ணுக்குப் பட்டப்பெயர் 'பல்லி டாக்டர்'. வைத்தது வெளியாள் இல்லை, கூடப் படித்த கால்நடை மருத்துவர்கள்தான். அவர்கள் நாயும் குதிரையும் பார்க்கிறவர்கள். இவர் நாயோடு சேர்த்து மீன், பாம்பு, ஓணான், ஆமை எல்லாம் பார்ப்பார். "மீனுக்கு ஊசி எங்கே போடுவே, தண்ணிக்கா?" என்று ஒரு கல்யாண வீட்டில் அத்தனை பேர் முன்னால் கேட்டார்களாம். "பாதி நேரம் ஆமா. தண்ணிக்குத்தான் வைத்தியம்" என்றாராம் இவர். அவர்கள் சிரித்தார்கள். இவர் சொன்னது வேடிக்கைக்கு இல்லை என்பது அவர்களுக்கு இன்றுவரை புரிந்ததா தெரியாது.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் மருத்துவமனை. படியேறும்போதே ரப்பர் வாசனையும் டெட்டால் வாசனையும் கலந்து வரும். சுவரில் கடிகாரத்தைவிடப் பெரிய வெப்பமானி. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் தொலைபேசிக்கு ஒதுக்கியது. யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேட்கலாம், காசு கிடையாது. டாக்டரின் கை எப்போதும் ஏதோ ஒரு பிராணியின் வாய்க்குள் இருக்குமாதலால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவார் கம்பவுண்டர். காத்திருக்கிற எல்லோருக்கும் எல்லாம் கேட்கும்.

என் நாய் ஒரு காலுறையை முழுசாக விழுங்கிவிட்டு, ஒன்றும் அறியாத முகத்தோடு என் காலடியில் படுத்திருந்த நாள் அது. "வாந்தி வர மருந்து கொடுத்திருக்கேன். காலுறையைக் கண்ணால பாக்காம உங்களை அனுப்ப மாட்டேன்" என்று டாக்டர் உட்கார வைத்திருந்தார். அதனால்தான் நடந்த எல்லாவற்றுக்கும் நான் சாட்சி.

"அக்கா, மீன்" என்றார் கம்பவுண்டர். ஸ்பீக்கரில் வரும் அழைப்புக்கு அவருடைய அறிமுகம் அவ்வளவுதான்.

"மேடம், என் மீன் தூங்கவே மாட்டேங்குது. ராத்திரி பூரா கண்ணைத் திறந்துகிட்டே இருக்கு."

"அதுக்கு இமையே கிடையாது சார். தூங்கும்போதும் அப்படித்தான் இருக்கும். நீங்க தூங்கினீங்களா?"

"எங்க மேடம்? அதையே பாத்துகிட்டு உக்காந்திருந்தேன்."

"அப்ப நோயாளி நீங்கதான். போய்ப் படுங்க."

அடுத்ததும் மீன்தான். ஒரு அம்மா தொட்டியைப் பளிச்சென்று தேய்த்து, கூழாங்கல்லைக்கூடக் கொதிக்க வைத்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இப்போது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு டாக்டர்!" என்று அழுகிறார். டாக்டர் திட்டவில்லை. அந்தக் கற்களில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் குடியிருந்ததையும், மீனின் கழிவில் இருக்கிற நஞ்சை அவை தின்று தீர்த்துக்கொண்டிருந்ததையும், அந்தக் குடியிருப்பையே வெந்நீர் ஊற்றி அழித்துவிட்டதையும் பொறுமையாகச் சொன்னார். எவ்வளவு தண்ணீரை எப்படி மாற்றுவது, தீனியை எப்படிக் குறைப்பது என்றும் சொன்னார்.  தெளிந்த தண்ணீரை இத்தனை காலம் சுத்தமான தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

"அக்கா, நாய்."

"நல்லா இருந்த நாய் டாக்டர், திடீர்னு படபடப்பா இருக்கு, நடுங்குது. பக்கத்து வீட்டுக்காரங்க கண்ணு பட்டுடுச்சுன்னு நினைக்கிறேன்."

"அவங்க கண்ணு கிடக்கட்டும். உங்க வீட்டுல யாருக்குக் கை தாராளம்? சாக்லேட் கொடுத்தது யாரு?"

அந்தப் பக்கம் யாரோ போனைக் கீழே வைத்தார்கள். பிறகு தூரத்தில், "மாமா! நீங்களா?" என்று ஒரு கத்தல். எந்தச் சாக்லேட், எவ்வளவு, நாய் என்ன எடை என்று கேட்டுவிட்டு, "நாய்க்குச் சாக்லேட் விஷம், ஆட்டோ பிடிங்க. மாமாவையும் ஏத்திக்கோங்க, எவ்வளவு கொடுத்தார்னு அவருக்குத்தான் தெரியும்" என்று முடித்தார்.

அவர் வேலை செய்யும் விதம் இதுதான். நோய் என்ன என்று முதலில் கேட்கவே மாட்டார். மீன் என்றால் தண்ணீரைப் பற்றிக் கேட்பார். நாய் என்றால் வீட்டு மனுஷர்களைப் பற்றி. பல்லி, பாம்பு, ஆமை என்றால் சூட்டைப் பற்றி. "மிருகத்தை அப்புறம் பாப்போம். அது இருக்கிற இடத்தைச் சொல்லுங்க முதல்ல." காரணத்தை வானத்தில் தேடாமல் தரையில் தேடுகிற இந்தப் பழக்கத்தை நம் பள்ளிக்கூடங்கள் கற்றுக்கொடுத்திருந்தால் பாதி பூசல்கள் இல்லாமல் போயிருக்கும்.

அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது. பின்னால் பேருந்துகளின் இரைச்சல்.

"அம்மா, ஆமை டாக்டரா? பொட்டி மேல உங்க நம்பர் ஒட்டியிருந்துச்சு. நான் அந்த வீட்டுல வேலை செய்யறவ. மாப்பிள்ளை செத்துப்போயிட்டான்னு சொல்றாங்கம்மா."

கம்பவுண்டர் நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா மாப்பிள்ளை?"

"ஆமைதாங்க. உக்காந்த இடத்துல இருந்துகிட்டு, நேரத்துக்குச் சாப்பாடு கேக்குது, ஒரு வேலையும் செய்யறதில்லை. வேற என்னன்னு கூப்பிடறது?"

யாரும் சிரித்து முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்தது. வீட்டுக்காரரின் மகன் வளர்த்த ஆமை. மகன் வெளிநாடு போயிருக்கிறான். வாரம் தவறாமல் வீடியோவில் கூப்பிட்டு முதலில் ஆமையைக் காட்டச் சொல்வானாம், அப்பா முகத்தை அப்புறம்தான். காலையில் ஆமை கழுத்து தொங்கிக் கிடந்திருக்கிறது. முந்தின நாள் ஆமையின் பெட்டியைக் கழுவியது இவள். 'நீ ஊத்தின சோப்புத் தண்ணிதான் கொன்னுடுச்சு. இதைக் குப்பையில போட்டுட்டு அப்படியே போயிடு, நாளைக்கு வராதே' என்று சொல்லிவிட்டார் வீட்டுக்காரர்.

"அந்தக் கட்டடத்துல நாலு வீடு செய்யறேன் டாக்டரம்மா. ஜீவனைக் கொன்னவன்னு பேரு வந்துட்டா ஒருத்தரும் கதவு திறக்க மாட்டாங்க. குப்பைத்தொட்டிகிட்டதான் நிக்கறேன். போட மனசு வரலை."

கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஏழை இருந்துவிட்டால், காரணம் தேடுகிற சிரமம் நமக்கு மிச்சம். எந்த வீட்டிலும் இதுதான் நடைமுறை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டரோ வழக்கம்போலக் கேட்டார்: "அது இருந்த இடம் சூடா இருந்துச்சா?"

"ஐஸ் மாதிரி இருந்துச்சும்மா. அந்த ரூம்ல ராப்பகலா ஏசி ஓடும்."

"போடாதே. துணியில சுத்தி வயித்தோட அணைச்சுக்கோ. வெந்நீர் ஊத்தாதே, அடுப்புகிட்ட வைக்காதே. பஸ் பிடிச்சு நேரா இங்க வா. குளிர்ந்துபோன ஆமையை நான் செத்ததா ஒத்துக்கறதில்லை. சூடேறியும் எழுந்திரிக்கலைன்னாதான் செத்தது."

அவள் வந்தாள். புடவைத் தலைப்புக்குள் ஒரு கைக்குழந்தையைப் போல அதைப் பொத்திக்கொண்டு படியேறினாள். ஒரு சோற்றுத் தட்டு அளவு இருந்தது ஆமை. கால்கள் துவண்டு தொங்கின. நான் பார்த்தவரை அது செத்த ஆமைதான். பந்தயம் கட்டச் சொன்னால் கட்டியிருப்பேன்.

டாக்டர் ஆமையின் கழுத்துக்கும் முன்னங்காலுக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தில் பசை போன்ற ஒன்றைத் தடவி, பென்சில் பருமனில் ஒரு கருவியை வைத்தார். கம்பி வழியாக ஒரு சின்ன ஒலிபெருக்கி. உடம்புக்குள் ரத்தம் ஓடினால் அதைச் சத்தமாக்கிக் காட்டுகிற கருவி அது. வெறும் இரைச்சல்தான் வந்தது. மனித இதயம் எத்தனையோ முறை துடித்து முடிக்கிற நேரம் கடந்தது. அந்தப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கம்பவுண்டர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

அப்போது, வெகு தூரத்தில் ஒரு அலை கரையைத் தொட்டது போல, 'உஷ்' என்றது.

மறுபடி வெறும் இரைச்சல். அதைத் தற்செயல் என்று நான் நினைக்கத் தொடங்கிய நேரத்தில் இன்னொரு 'உஷ்'.

"இருக்கு" என்றார் டாக்டர். குரலில் கொண்டாட்டம் இல்லை. மிக மெதுவாகச் சூடேறும் பெட்டிக்குள் ஆமையை வைத்தார். "அவசரப்படுத்தக் கூடாது. நம்ம உடம்பு உள்ளேயே அடுப்பு வெச்சிருக்கு. இது வெளியில இருக்கிற சூட்டை நம்பி வாழுது. சூடு போனா ஒவ்வொரு விளக்கா அணைச்சுகிட்டே வரும். கடைசியா ஒண்ணே ஒண்ணை மட்டும் எரிய விட்டுட்டுக் காத்திருக்கும். ரொம்ப நாள் தாங்காது. ஆனா காத்திருக்கும்."

நான் நிறையப் படித்திருக்கிறேன். மறுபிறவி, மந்திரம், அற்புதம் எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த மேஜைக்கு முன்னால் நின்றபோது, எனக்கு அவை எதுவும் தேவைப்படவில்லை என்பது தெரிந்தது. மனிதன் என்ற இனமே இல்லாத காலத்திலிருந்து இந்த ஓட்டுக்குள் இந்த இதயம் இப்படித்தான் காத்திருக்கக் கற்றிருக்கிறது. இதைவிட என்ன அற்புதம் வேண்டும்?

டாக்டர் போன் போட்டு வரச் சொன்னதால் வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார். பணி ஓய்வு பெற்ற அதிகாரி. சட்டைப் பையில் பேனா, முகத்தில் இன்னும் ஓய்வு பெறாத அதிகாரம். "செத்ததை வெச்சுகிட்டு என்ன டாக்டர் நாடகம்? இவ சோப்பு ஊத்தினா, அது போச்சு. அவ்வளவுதானே?"

"சார், பெட்டியில சூட்டு பல்பு ஒண்ணு உண்டே, எரியுதா?"

"எது, அந்தக் கறுப்பு பல்பா? அது எப்பவோ பியூஸ். ஒருநாளும் எரிஞ்சு நான் பாத்ததில்லை. நாலு நாளைக்கு முன்னால பிளக்கைப் பிடுங்கிட்டு என் போன் சார்ஜரைச் சொருகினேன். அந்த ஓரத்துல வேற பாயின்ட் இல்லை."

சொல்லிவிட்டு அவர் இயல்பாக நின்றார். அவருக்கு இன்னும் எட்டவில்லை.

"அது வெளிச்சம் தராது சார். சூடு மட்டும்தான் தரும். ராத்திரியில ஆமையைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு அப்படியே செஞ்சது. எரியறது கண்ணுக்குத் தெரியாது. கையைக் கிட்ட கொண்டுபோனாதான் தெரியும்."

"நான் அந்த ஒயர் பக்கமே போகலைங்க" என்றாள் அந்தப் பெண். "தம்பி ஊருக்குப் போகும்போது, 'அக்கா, எதை வேணா கழுவு, ஒயரை மட்டும் தொடாதே'ன்னு சொல்லிட்டுப் போச்சு. காலையில இதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க கேக்கலை."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். உட்கார்ந்த மனிதர் வேறு ஆள். "ஞாயித்துக்கிழமை கூப்பிடுவான். ஆமையைத்தான் முதல்ல கேப்பான். நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றார். பயம்தான். மகனுக்குப் பயந்த ஒரு அப்பா, அந்தப் பயத்தை இறக்கி வைக்க ஒரு தலையைத் தேடியிருக்கிறார். கிடைத்த தலை இவளுடையது.

டாக்டர் கருவியை மறுபடி வைத்தார். இந்த முறை காத்திருப்பு குறைவு. உஷ். சற்று நேரம். உஷ். முன்பைவிட நெருக்கமாக. பெரியவர் வாய் திறந்தது. "இது... இதுவா?" என்று கேட்டார். தன் நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஒலிபெருக்கியை நோக்கிக் குனிந்தார். எதிரும் புதிருமாக நின்ற இரண்டு பேரும் ஒரே சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அறையில் என் நாய்கூட மூச்சை அடக்கிக்கொண்டதாகத்தான் எனக்குத் தோன்றியது.

வெயில் சாயும் நேரத்தில் பெட்டிக்குள் ஒரு முன்னங்கால் மெல்ல அசைந்தது. பிறகு ஒரு கண் திறந்தது. மாப்பிள்ளை உலகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அதில் பெரிதாக ஒன்றுமில்லை என்பது போல மறுபடி மூடிக்கொண்டான்.

"திமிரைப் பாரு!" என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"பிழைச்சுடும்னு நினைக்கிறேன். ரெண்டு மூணு நாள் இங்க இருக்கட்டும், நுரையீரலைப் பாக்கணும்" என்றார் டாக்டர்.

பெரியவர் அவள் பக்கம் திரும்பினார். "நாளைக்கு வேலைக்கு வந்துடும்மா."

அவள் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "வரேன் சார். ஆனா ஒண்ணு. காலையில நீங்க கத்தினது மாடி பூரா கேட்டுச்சு. மத்த மூணு வீட்டுலயும் நீங்களே வந்து, பிளக்கைப் பிடுங்கினது நீங்கன்னு சொல்லணும். தம்பிகிட்டயும் சொல்லணும். நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

அவர் பெட்டிக்குள் இருந்த ஆமையை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு, "கூட வா. இப்பவே சொல்லிடறேன். ராத்திரி தாண்டினா எனக்குத் தைரியம் போயிடும்" என்றார். இருவரும் படியிறங்கினார்கள். முன்னால் அவள், பின்னால் அவர்.

"அக்கா, காலுறை" என்றார் கம்பவுண்டர். என் நாய் ஒருவழியாகக் கக்கியிருந்தது.

டாக்டர் கைகழுவிவிட்டு அடுத்த போனை எடுத்தார். யாரோ, பாம்பின் கண் வெளுத்துப்போய்விட்டது, சாப்பிட மாட்டேன் என்கிறது, குருடாகிவிட்டதா என்று பதறினார்கள். "தோலுரிக்கப் போகுது சார். கண்மேல இருக்கிற தோலையும் சேத்துதான் கழட்டும். பதறாதீங்க. கொஞ்சம் ஈரப்பதமா வெச்சுட்டு, தொந்தரவு பண்ணாம விடுங்க" என்றார். கண்ணையே புதுப்பித்துக்கொள்ள நமக்கும் ஒரு வழி இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே நாயை இழுத்துக்கொண்டு நானும் இறங்கினேன்.

இதைப் படித்த நீங்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும். உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ ஆமையோ பல்லியோ பாம்போ இருந்தால், இப்போதே எழுந்து போய், அது படுத்திருக்கும் இடத்தில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். இரண்டாவது, வீட்டில் எது கெட்டாலும் உடைந்தாலும், வேலை செய்கிற பெண்ணின் பெயர் உங்கள் வாயில் வருவதற்கு முன்னால், தயவுசெய்து அவளை உட்கார வைத்து, நடந்தது என்ன என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, போய் அந்தப் பிளக்கைப் பாருங்கள்.