ஏழாவது பாட்டின் கைடு

காலை பத்தரை மணி, பத்துப் பாட்டு, தேன்மொழி. மேற்கு மாம்பலத்தில் எங்கள் ஸ்டுடியோ பலகையில் அன்று எழுதியிருந்தது அவ்வளவுதான். ஒலிப்பதிவுத் தொழிலில் பாதி வேலை பதிவது, மீதி வேலை அழிப்பது. செல்போனில் இடமில்லை என்று எதையோ அழித்துவிட்டுப் பிறகு நெஞ்சில் கைவைத்தவர் உங்களில் யாராவது இருந்தால், நாம் ஒரே கட்சி.

சும்மா பாடுவது

தேன்மொழி கே.கே. நகரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பாட்டை அவரே எழுதி, அவரே மெட்டுப் போடுவார். ஒப்பாரி போலத் தொடங்கும். நடுவில் எலெக்ட்ரிக் கிட்டார் இரைந்துகொண்டு வரும். ஆறு வருடமாகச் சேர்த்த பாட்டுகள், முதல் ஆல்பம்.

பாடுபவர் முதலில் எல்லாப் பாட்டையும் சும்மா ஒருமுறை பாடிவைப்பார். அதற்குக் கைடு என்று பெயர். அதைக் கேட்டுக்கொண்டுதான் மற்றவர்கள் வாசிப்பார்கள். கடைசியில் பாடகர் நிஜமாகப் பாடியதும் கைடு குப்பைக்குப் போகும்.

ஏழாவது பாட்டு, கொட்டிவாக்கம் கடலில் குளிக்கப் போய்த் திரும்பாத அவர் தம்பி பாலாவைப் பற்றியது. நடுவில் குரல் உடைந்து நின்றது. நான் பதிவை நிறுத்தவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு முடிவுவரை பாடிவிட்டுக் கேட்டார்: "இது சும்மா கைடுதானே சார், அழுதா பரவாயில்லல்ல?"

ஒரு காது

பறை வாசிக்க ஏழுமலை வந்தார். ஏ.சி. குளிரில் பறையின் தோல் தொய்ந்துவிட்டது. தீ மூட்டிக் காய்ச்சக் கட்டடத்தில் அனுமதி இல்லை. மொட்டை மாடி வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே வடாம் காயவைத்திருந்த மேல்வீட்டு மாமி, "வெச்சுக்கோங்கோ. காக்கா வந்தா மட்டும் ரெண்டு தட்டு தட்டிடுங்கோ" என்றார்.

ஏழாவது பாட்டுக்கு ஏழுமலை ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டார். சத்தமும் முழுசாக வைத்துக்கொண்டார். காதில் மாட்டாத பக்கத்திலிருந்து கைடு பறையின் மைக்கில் ஒழுகும் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை முறைத்தார்: "ரெண்டு காதையும் மூடிக்கினா என் பறை எனக்கு எப்டி சார் கேக்கும்?"

இடமில்லை

எல்லாரும் வாசித்து முடித்த முதல் பாட்டு அந்த ஏழாவதுதான். கம்ப்யூட்டர் இடமில்லை, இடமில்லை என்று கத்திக்கொண்டிருந்தது. மறுநாள் வேறொரு டப்பிங் வேலை. தேன்மொழி அடுத்த வாரம் நிஜமாகப் பாட வரப்போகிறார். அழுகையும் மூக்குறிஞ்சலுமான கைடு எதற்கு என்று அதை மட்டும் அழித்தேன். கிட்டார் வாசிக்கும் ஜோயலும் பக்கத்தில் நின்று சொன்னான்: "தூக்கிடு மச்சி, குப்பைதானே."

தேன்மொழி வந்தார்

அடுத்த வாரம் அவர் வரவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்தார். தொண்டையில் கட்டி, ஆபரேஷன். பேச்சு கொஞ்சம் தேறும், பாட்டு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். காற்றுப் போன குரலில், ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்: "கைடு இருக்குல்ல சார்?"

தி. நகர்

ஒன்பது பாட்டுக்கு இருந்தது.

அழிந்ததை மீட்டுத் தருபவர் ஒருவர் தி. நகரில் இருந்தார். டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். இரண்டு மணி நேரம் தேடிவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்: "மேல வேற ஏத்திட்டீங்களே நைனா, அடியில இன்னா கீது?"

பறைக்கு நடுவில்

தேன்மொழியிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப பறை மட்டும் போடுங்க சார்" என்றார்.

ஏழுமலையின் பறையைத் தனியாக ஓடவிட்டேன். அடிக்கும் அடிக்கும் நடுவில் ஏதோ முனகியது. சத்தத்தைக் கூட்டினேன். ஹெட்போனிலிருந்து ஒழுகிய தேன்மொழி. வழக்கமாக நான் தேடித் தேடித் துடைத்தெறியும் அழுக்கு அது. பறை அடித்தால் மறைந்தது, ஓய்ந்தால் தெரிந்தது. உடைந்து நின்ற இடத்தில் பறையும் நின்றிருந்தது; மூக்குறிஞ்சல்கூடக் கேட்டது.

தேன்மொழி மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு சொன்னார்: "பாலாவும் இப்படித்தான் சார். எல்லாரும் கம்முனு இருந்தாதான் அவன் பேசறது கேக்கும்."

போன ஐப்பசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பத்துப் பாட்டும் வெளிவந்தன, ஏழாவது மட்டும் துடைக்காத அந்த அழுக்கோடு. ஏழாவது பாட்டில் ஒலிப்பதிவு மோசம் என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள், அவர்கள் சொன்னது சரிதான்.