இல்லாத வாய்க்கால்

அந்த மனுவை எழுதியவன் நான்தான். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு எப்போதும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. "குப்பை எரிக்கும் ஆலை வேண்டவே வேண்டாம்" என்று ஒரு பக்கம் தட்டி, நானூறு பிரதி எடுத்து, ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கினேன். அரியலூருக்குப் பக்கத்தில், எங்கள் பழைய சுண்ணாம்புக்கல் குவாரியை ஒட்டி ஆஸ்பத்திரிக் கழிவை எரிக்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. குவாரிக்குக் கீழேதான் எங்கள் ஏரி. நாங்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

கையெழுத்துப் போடாத ஒரே ஆள் இருசம்மாள் அக்கா. "வேணாம் வேணாம்னு சின்னப்புள்ள அழுவுற மாதிரி எழுதியிருக்க தம்பி. இதுல விசயம் எங்க இருக்கு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அதிகாரி மனுக்கட்டைத் தள்ளி வைத்தார்.

"எல்லாம் ஒரே மனு. ஊருக்குப் பிடிக்கலைங்கறதுக்காக மட்டும் அனுமதிய மறுக்க முடியாதுங்க. தொழில் செய்ய அவங்களுக்கும் அரசியல் சட்டத்துல உரிமை இருக்கு. மறுத்தா கோர்ட்ல நிக்காது. ஆதாரத்தோட காரணம் சொல்லுங்க."

என் முகம் செத்துப்போனது. இருசம்மாள் அக்கா எழுந்தார்.

அவருடைய அம்மா கடைசிவரை அடுத்தவர் வயலில் கூலி. இவர் பத்தாவது முடித்து, நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். தினமும் வருகைப் பதிவுக்காக வேலையாட்களை நிற்க வைத்துப் போனில் படம் எடுத்து அரசாங்க ஆப்பில் ஏற்ற வேண்டும். ஒருத்தி முகம் மறைந்தாலும் திட்டித் தீர்த்துவிட்டு மறுபடி எடுப்பார்.

"சார், ஆலை வர்ற எடத்துல தண்ணி போற வழியே இல்லன்னு கம்பெனி அறிக்கைல போட்டுருக்கு. பஞ்சாயத்து ஆபீஸ்ல படிச்சேன்."

போனை நீட்டினார். முழங்கால் ஆழ வாய்க்காலுக்குள் நாற்பது பேர் மண்வெட்டியோடு. முன்னால் பலகை: ஏரி வரத்து வாய்க்கால் தூர்வாரும் பணி. அதன் கீழே, ஆலைக்கென்று கம்பெனி அறிக்கையில் காட்டிய அதே சர்வே எண்.

கம்பெனிக்காரர் சிரித்தார். "நீங்க என்ன எஞ்சினியரா?"

"இல்லைங்க. அந்த வாய்க்கால வெட்டுனவ. கவர்மெண்டுதான் கூலி குடுத்து வெட்டச் சொல்லுச்சு."

அதிகாரி பலகையை இரண்டு முறை படித்தார். "சரிம்மா, பாக்கறோம். உக்காருங்க."

"கூட்டக் குறிப்புல எழுதுங்க சார். எழுதி எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிங்க. அதுவரைக்கும் ஒக்கார மாட்டேன்."

படத்தில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. அதிகாரி எழுதினார். இடத்தை நேரில் அளக்காமல் மேல்நடவடிக்கை இல்லை என்று சத்தமாகப் படித்தார். எனக்குப் பெருமையாகவும் வெட்கமாகவும் இருந்தது.

அக்கா அப்போதும் உட்காரவில்லை.

"அளக்க வரப்ப சொல்லுங்க சார். நாப்பது பேரும் வாய்க்காலுக்குள்ளயே நிப்போம். அப்பவும் வாய்க்கா இல்லன்னு எழுதட்டும், பாக்கறேன்."