ஓரகத்தியின் கறுப்பு மண்

பாகம் பிரித்தபோது, எங்கள் பக்கத்து வழக்கப்படி மூத்தவரான என் வீட்டுக்காரர் நிலத்தை இரண்டு பங்காக வைத்தார். இளையவர் முதலில் எடுக்க வேண்டும். கிணறு இருக்கும் பள்ளத்துப் பங்கைத்தான் கொழுந்தன் எடுப்பார் என்று நினைத்தோம். அவர் மனைவி, என் ஓரகத்தி, ஓடையை ஒட்டிய மேட்டுப் பங்கைக் காட்டினாள். சாயப்பட்டறைக் கழிவு ஓடும் ஓடை அது. கிணற்றுத் தண்ணீர் இரண்டு வீட்டுக்கும் பொது என்றாலும், நல்ல பங்கு நமக்கு வந்துவிட்டதென்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. கோடைதோறும் அவள் கண்மாய் வண்டலை அள்ளி வந்து ஓடையோரம் கொட்டினாள். அதன்மேல் சாணம், இலைதழை. சில வருஷத்தில் அந்த ஓரம் முழுக்க மையாகக் கறுத்துவிட்டது. அங்கே விளைந்த கோழிக்கொண்டைப் பூ மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வண்டியேறும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நானும் மூட்டை மூட்டையாக உரம் போட்டேன். என் கத்தரி பரவை மார்க்கெட்டில் சொத்தை என்று ஒதுக்கப்பட்டது.

ஒருநாள் வெட்கத்தை விட்டு அந்த மேல்மண்ணைக் கேட்டேன். மூத்தவள் கேட்டால் அவளால் மறுக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

"எம்புட்டு வேணும்னாலும் அள்ளிக்கங்கக்கா. ஆனா வாயில வைக்கிற எதையும் அதுல போட்றாதீங்க. சாயத்தண்ணி குடிச்ச மண்ணு" என்றாள்.

கொடுக்க மனமில்லாமல் சாக்குச் சொல்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். சரளை தெரியும்வரை டிராக்டரில் அள்ளி வந்து, என் நிலத்தில் பரப்பி, வேண்டுமென்றே கத்தரி நட்டேன். செடி தளதளவென்று வந்தது. அவள் கண்ணில் படும்படி வரப்பில் நின்று தண்ணீர் பாய்ச்சினேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு கிணற்றில் வாளி போட்டால் தண்ணீர் ஊதாவாக வந்தது.

மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்தோம். வந்து பார்த்த அதிகாரி பொறுமையாகச் சொன்னார். மக்கிய சாணமும் தழையும் வண்டலின் களிமண் துகளோடு பிணைந்துகொள்ளுமாம். ஓடைநீரில் வரும் சாயத்தையும் உலோகத்தையும் பெருமளவு அந்தப் பிணைப்பு இழுத்துப் பிடித்துவைக்குமாம். இத்தனை வருஷம் எங்கள் கிணற்றைக் காத்தது அந்தக் கறுப்பு மண்தான். மிஞ்சிய சரளை எதையும் பிடிக்கவில்லை; மழையோடு சாயம் அதன் வழியே பள்ளத்துக் கிணற்றுக்கு இறங்கிவிட்டது. பிடித்துவைத்த விஷமெல்லாம் இப்போது என் கத்தரிக்கடியில் இருந்தது.

பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகளை என் கையாலேயே பிடுங்கினேன். அள்ளிய மண்ணைத் திரும்பக் கொண்டுபோய்க் கொட்டினோம். பழையபடி பிணைய வருஷக்கணக்காகும் என்று சொல்லிவிட்டுப் போனார் அதிகாரி. குடிநீருக்கு இரண்டு வீடும் லாரியை எதிர்பார்த்து நின்றோம். லாரி வந்ததும் அவள் என் குடத்தைத்தான் முதலில் பிடித்துக் கொடுத்தாள். கடிந்து பேசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது என் வீட்டுச் சாணத்தையும் அவள் நிலத்துக்குத்தான் சுமக்கிறேன். இருவரும் சேர்ந்தே கொட்டுகிறோம். நேற்றும் அவள் கூடை என்னுடையதைவிட நிறைந்திருந்தது. அதற்கும் எனக்கு எரிந்தது.