சிரிக்காத பூதம்

இன்று காலை கும்பகோணத்திலிருந்து திருப்பனந்தாள் போகும் பஸ்ஸில், போனில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம். இரண்டு காமெடியன்கள், ஒரு பூதம். பத்து முறையாவது பார்த்திருப்பேன்.

பக்கத்தில் நடவுக்குப் போகும் இரண்டு அக்காக்கள் எட்டிப் பார்த்தார்கள். போனை அவர்கள் பக்கம் திருப்பி, வசனத்தைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

"நீங்க சும்மா இருங்க தம்பி, எல்லாம் புரியுது" என்றார் ஜன்னலோர அக்கா.

காமெடியன்களில் குண்டன், பூதத்துக்குப் பயந்து ஓடி, பூதத்தின் முதுகுக்குப் பின்னாலேயே போய் ஒளிந்தான். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அக்காக்கள் இருவரும் சிரித்தார்கள்.

பூதம் கைகளை நீட்டிக்கொண்டு, காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தது.

"ஏய், இவன் நடையப் பாரேன். மொத நாளு சேத்துல எறங்குனவன் மாதிரியே இருக்கு!"

ஜன்னலோர அக்கா சொன்னார்: "அத விடுடி. அவனுங்க ரெண்டு பேரும் இவ்ளோ கூத்தடிக்கிறானுங்க, இவன் ஒரு தடவ சிரிச்சானா பாரு. இவன் சிரிச்சுட்டா நமக்குச் சிரிப்பு வருமா? இவன்தான் நடிகன்!"

பத்து முறை பார்த்த எனக்கு இது தோன்றவே இல்லை.

இறங்க எழுந்தபோது அவரே கேட்டார்: "கடைசில இவனக் கொன்னுடுவாங்களா தம்பி?"

"ஆமாக்கா."

"நல்ல வேள, எங்க ஊரு வந்துருச்சு."

மீதிப் படத்தைப் பார்க்க எனக்கும் மனம் வரவில்லை. நீங்களாக இருந்தால் அந்த அக்காவிடம் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா?