அப்பாவின் ஸ்ட்ரெய்ட்

பெங்களூரில் யாரிடம் வழி கேட்டாலும் முதலில் வருவது 'ஸ்ட்ரெய்ட்'தான். கன்னடம், தமிழ், உருது என்று எதில் பேசினாலும் அந்தச் சொல் மட்டும் மாறாது. சாலை நேராக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. அது வளையட்டும், நெளியட்டும். சந்து எதிலும் நுழையாமல் இதே சாலையில் போய்க்கொண்டிரு என்று பொருள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்கள் முதல் வளைவிலேயே வண்டியை நிறுத்திவிட்டுத் திருதிருவென்று முழிப்பார்கள்.

அப்பா இதில் மன்னன். ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டு கேட்டருகே நின்றுகொண்டு போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வழி சொல்வார். தெரியாத இடமாக இருந்தாலும் தெரியாது என்ற பேச்சே கிடையாது. வலது கையைத் தூக்கி, "ஸ்ட்ரெய்ட்டா போங்க சார்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது அவருக்கு ஞாபகம் தவறுகிறது. ஆனாலும் சாயங்காலம் பேக்கரிக்கு நடந்துபோய் டீ குடிப்பதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. "ஸ்ட்ரெய்ட்டா போயி ஸ்ட்ரெய்ட்டா வரணும்பா. எங்கயும் திரும்பக் கூடாது" என்று தினமும் சொல்லி அனுப்புவேன்.

போன மாதம் ஒரு நாள், விளக்குப் போடும் நேரமாகியும் அவர் வரவில்லை. தேடிப் போனால் பாதி வழியில் சாலையின் குறுக்கே ஆளுயரத் தகரத் தடுப்பு. அவர் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் சாக்கடைக் குழாய்க்காகத் தோண்ட ஆரம்பித்திருக்கிறார்கள். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால்தான் என்ன? யாராக இருந்தாலும் சந்துக்குள்தான் திரும்பியிருப்பார்கள் என்று நானும் சந்து சந்தாக ஓடினேன். ரயில் தண்டவாளம் பக்கத்தில்தான் என்பது நினைவுக்கு வந்ததும் அங்கேயும் போய்த் தேடினேன்.

கடைசியில் சுற்றிக்கொண்டு பேக்கரிப் பக்கம் வந்தேன். தகரத்துக்கு முன்னால், வீடு இருக்கும் திசையைப் பார்த்தபடி அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"சுத்திப் போலாம்னு எவ்ளோ கூப்ட்டும் வரமாட்டேன்றாரு மேடம்" என்றார் பேக்கரிக்காரர்.

"ஏம்பா இங்கயே நிக்கிறீங்க?"

"எங்கயும் திரும்பக் கூடாதுன்னு நீதானேம்மா சொன்ன? ரோடு தொறக்கட்டும்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்தது. கையைப் பிடித்துச் சந்துப் பக்கம் இழுத்தேன். அசையவில்லை. "அது நம்ம வழி இல்ல" என்றார்.

வேறு வழி தெரியவில்லை. அவரைப் போலவே வலது கையைத் தூக்கி, இடப்பக்கம் போகிற அந்தச் சந்தைக் காட்டினேன்.

"ஸ்ட்ரெய்ட்டா போங்க சார்."

அப்பா என்னை ஒரு முறை பார்த்தார். "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.