பி பக்கத்தில் ஒரு ‘ஓம்’

மறுநாள் கட்டிங்குக்குப் போகவிருந்த பாட்டிலிருந்து ஒரு மனிதரை நான் துடைத்து எறிந்துவிட்டேன் என்பது வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கட்டிங் என்றால் ஒலியைத் தட்டில் வரிகளாக வெட்டுவது. வெட்டிய பிறகு திருத்த முடியாது.

இந்த வேலைக்கு இப்போது புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். என் பிழையை நானே சொன்னால் மற்றவர்கள் கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

1. யோகாவின் ஏரியா

நான் காதால் பிழைத்தவள். முதலில் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் டொக்டர்மார் டேப்பில் முணுமுணுக்கும் கடிதங்களைக் கேட்டு டைப் அடித்தேன். அந்த வேலையைக் கொம்பியூட்டர் பறித்ததும், டூங்கபியில் பழைய இசைத்தட்டுகளை மறுபடி வெளியிடும் சின்ன ஸ்டூடியோ ஒன்றில் சேர்ந்தேன். தட்டை ஓடவிட்டுக் கொம்பியூட்டரில் ஏற்றி, கிளிக், கீறல், ஹம் என்ற இரைச்சல் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். போன வருடம் ஓய்வு பெறும்வரை அதுதான் செய்தேன்.

என் பெயர் யோகேஸ்வரி. அது முதலாளி கிரெக்கின் வாயில் நுழையவில்லை. முதல் நாளே ‘யோகா’ ஆக்கிவிட்டார். குனிந்து என் கால்விரலையே தொட முடியாத எனக்கு இப்படி ஒரு பெயர்!

ஒருநாள் கிரெக் ஆறு சிங்கிள்களை, ஏ பக்கம் ஒன்று பி பக்கம் ஒன்றாக இரண்டே பாட்டுள்ள சின்னத் தட்டுகளை, மேசையில் வைத்தார். எண்பதுகளில் ஜெர்மனியில் ஒரு பங்க் இசைக்குழு வெளியிட்டவை. வாடகை, அணு ஆயுதம், அகதிகளை நாடு கடத்துவது என்று எல்லாவற்றுக்கும் எதிராகத் தொண்டை கிழியக் கத்தியவர்கள். மூலப் பதிவு டேப்புகள் தொலைந்துவிட்டன. அவர்களுடைய டிரம்மர் யூர்கன் கலியாணம் கட்டி மெல்பேர்னில் இருக்கிறார். அவர் தந்த தட்டுகளைத் துடைத்து ஒரே பெரிய எல்பி தட்டாக்க வேண்டும்.

“யோகா, கடைசி சிங்கிளின்ரை பி பக்கம் உன்ரை ஏரியா,” என்றார் கிரெக். “ஒரு சாமியார் ஓம் மந்திரம் சொல்லுறார். அதை மட்டும் பளிச்செண்டு வை. இடையிலை வாற முணுமுணுப்பு எல்லாம் போகட்டும்.” அவர் பேசியது ஆங்கிலம்தான். யார் ஆங்கிலம் பேசினாலும் என் வாயில் வரும்போது யாழ்ப்பாணத் தமிழாகிவிடுகிறது.

2. கண்ணால் துடைத்தது

ஒளிப்பானேன், அந்தப் பாட்டுகள் எனக்குத் தலையிடி தந்தன. ஐந்து சிங்கிள் முடிந்தபோது இரண்டு பனடோல் போட்டிருந்தேன். ஆறாவதற்கு வந்ததும் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுக் கண்ணாலேயே துடைத்தேன். திரையில் ஒலி படமாகத் தெரியும். ‘ஓம்’ எல்லாம் ஒரே மாதிரித் தடித்த கோடு. நடுவில் அழுக்குப்போலத் தெரிந்ததை எல்லாம் அழித்தேன். அதோடு விட்டேனா? மூலக் கோப்பின் மேலேயே சேவ் பண்ணினேன். அந்தத் திங்கட்கிழமை தட்டையும் பத்திரமாகப் பார்சல் கட்டி மெல்பேர்னுக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். கெட்டிக்காரி!

பழைய கவரில் அந்தப் பாட்டுக்குக் கீழே ஆங்கில எழுத்தில் ஒரு சொல் இருந்தது. ‘வைகிரன்’ என்று வாசித்தேன். ஏதோ ஜெர்மன் சொல் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கடைசிச் செக். ஹெட்போனைப் போட்டு முழுச் சத்தத்தில் கேட்டேன். ஓம், ஓம், ஓம். கிற்றார் அலறி ஓய்ந்தது. முடிவில் நான் அழிக்க மறந்த ஒரு துண்டுக் குரல்: “…க்கிறன்.”

கவரில் இருந்த அந்தச் சொல்லை எடுத்துப் பார்த்தேன். வைக்கிறன். போனை வைக்கிறன்! எந்தச் சாமியார் மந்திரம் முடிந்ததும் போனை வைப்பார்?

3. ஓமும் ஆமாவும்

பக்கத்து மேசையில் கார்த்திகா கவர் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை, கெட்டிக்காரி. அவள் திரையில் இந்தப் பெரிய ஓம் சின்னம், சுற்றி நெருப்பு.

“பிள்ளை, இதைக் கேட்டனீயோ?”

“கேட்டேன்க்கா. மந்திரம்தானே? அதான் பெருசா போட்டிருக்கேன்.”

“மந்திரமும் மண்ணாங்கட்டியும்! எங்கடை ஊரிலை ஓம் எண்டால் உங்கடை ஆமா. ஆமா, ஆமா, ஆமா. ஆரோ கேக்கக் கேக்க மறுமொழி சொல்லுறார்.”

கார்த்திகா வாயைப் பொத்திக்கொண்டாள். “அய்யய்யோ. எங்க ஊர்ல ஓம்னா சாமிதான்க்கா. எனக்கு எப்படித் தெரியும்?”

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பிறந்ததிலிருந்து ஓம் என்று தலையாட்டியவள் நான். எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்? எங்கள் ஆள் ஒருவர் பேசிய பேச்சை அழுக்கென்று அழித்துவிட்டு, நாளைக்கு அவரைச் சாமியாராக்கி ஊரெல்லாம் விற்கப் போகிறோம். அவர் என்ன சொன்னார் என்பதுகூட எனக்குத் தெரியாது. வெட்கத்தில் காது சுட்டது.

கிரெக்கிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. “யோகா, அது ஆருக்கும் விளங்காது. விடன்.”

“எனக்கு விளங்கும், கிரெக்.”

கிரெக் யூர்கனுக்குப் போன் எடுத்தார். பிறகு கட்டிங்கை மறுநாள் பிற்பகலுக்கு மாற்றினார். யூர்கன் அந்தத் தட்டைக் கூரியரில் அனுப்ப மாட்டாராம். தானே கொண்டுவருகிறாராம்.

4. முதல் பிளைட்

வெள்ளி காலை என் வீடு இருக்கும் குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து வழமைக்கு முந்திய ரெயிலில் போனேன். மெல்பேர்னிலிருந்து முதல் பிளைட்டைப் பிடித்து ஒன்பது மணிக்கு யூர்கன் வந்தார். நரைத்த தலை, காதில் மூன்று வளையம், பிள்ளையைக் கொண்டுவருவதுபோல நெஞ்சோடு அணைத்தபடி தட்டு. மறுபடி ஏற்றினேன். இந்த முறை எதையும் அழிக்கவில்லை. கிற்றாரை மட்டும் கொஞ்சம் அமத்திவிட்டு, அடியில் கிடந்த குரலை ஒவ்வொரு சொல்லாக அவருக்குச் சொன்னேன்.

“ஓம்… ஓம், கேக்குது அம்மா… ஓம், சாப்பிட்டனான்… ஓம், ரூமுக்கை ஹீட்டர் இருக்கு… ஓம், நல்ல ஆக்கள்… ஓம்… சரி, வைக்கிறன்.”

அந்தக் காலத்தில் ஊரில் யார் வீட்டில் போன் இருந்தது? தாய் கொழும்புக்கு வந்து, லொட்ஜில் காத்திருந்து போன் எடுத்திருப்பாள். நான் அழுதுவிட்டேன். வேலை இடத்தில் நான் அழுதது அந்த ஒரு நாள்தான்.

யூர்கன் தலையைப் பிடித்துக்கொண்டார். “ஹீட்டரோ? அது ஆளில்லாமல் கிடந்த வீடு. நாங்கள் பூட்டுடைச்சுக் குடியிருந்தனாங்கள். யன்னலுக்கு உள்பக்கமும் ஐஸ் பிடிக்கும். கூடத்திலை ஒரு போன் மட்டும் வேலை செய்தது. நாங்கள் பக்கத்து அறையிலை ரெக்கோர்டிங், சுவருக்கு அங்காலை அவர் பேசினது மைக்கிலை விழுந்திட்டுது; போனிலை எண்டு இப்பதான் விளங்குது. அவரும் அந்த வீட்டிலைதான் இருந்தவர், பேரும் தெரியாது. ஒருநாள் பொலிஸ் வந்து அவரைக் கொண்டு போயிட்டுது.”

பிறகு மெல்லச் சொன்னார். “அந்தக் கடைசிச் சொல்லை நாங்கள் மேடையிலை கத்துவம். கையை உயர்த்தி, கீழை நிக்கிற அத்தனை பேரும், வைகிரன், வைகிரன் எண்டு. புரட்சி எண்டு நினைச்சம்.”

அத்தனை ஜெர்மன் பிள்ளைகளும் கையை உயர்த்திப் போனை வைத்திருக்கிறார்கள்! எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. கார்த்திகா சிரித்தாள், யூர்கனும் சிரித்தார். பிறகு எனக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அண்டைக்கு அவர் உண்மையிலேயே சாப்பிட்டவரோ?”

யூர்கனின் சிரிப்பு நின்றது. “நாங்கள் தினமும் பின்னேரம் பெரிய பானையிலை சூப் வைப்பம். வீட்டிலை எல்லாரையும் கூப்பிடுவம். அவரைக் கூப்பிடேல்லை.”

“ஏன்?”

“மந்திரம் சொல்லுற சாமியார்தானே. விரதம் எண்டு நினைச்சம்.”

கார்த்திகா திரும்பிப் போய் ஓம் சின்னத்தையும் நெருப்பையும் அழித்தாள். அந்த இடத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டாள்: ‘குரல்: கூடத்துப் போனில் தாயோடு பேசும் ஒருவர்.’ கிரெக் வந்து பார்த்துவிட்டுச் சரி என்றார். பதினொன்றரைக்குக் கோப்பு கட்டிங்குக்குப் போனது, அவருடைய ஒரு சொல்லும் குறையாமல்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: மூலக் கோப்பின் மேல் சேவ் பண்ணாதீர்கள். தலையிடித்தால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடியுங்கள், சத்தத்தைக் குறைத்துவிட்டுத் துடைக்காதீர்கள். இது விளங்கவில்லை, ஆகவே இது அழுக்கு என்று முடிவு கட்ட உங்களுக்கு உரிமை இல்லை.

அன்று என்னிடம் புட்டும் மீன்குழம்பும் இருந்தன. டப்பாவைத் திறந்து நாலு தட்டில் போட்டேன். யூர்கன் சுவரோரம் எழுந்து நின்றுகொண்டிருந்தார், போவதா இருப்பதா என்று தெரியாமல்.

“சாப்பிடுவமோ?” என்று தமிழிலேயே கேட்டு, தட்டைக் காட்டினேன்.

“ஓம்,” என்றார் யூர்கன்.